இருபத்தேழு கையெழுத்துகள்

கணக்கு சிஸ்டர் ஆறாவது பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஏழாவதை எடுத்தாள். மேசை ஓரத்தில் ஈரப் பஞ்சு வைத்த டப்பா இருந்தது. விரலை அதில் தொட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடிக்கட்டத்திலும் ஆள்காட்டி விரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள்.

"ரெண்டு, மதர். ரெண்டாந்தடவையா எண்ணறேன்."

"நாளைக்குக் காலையில தேர்தல். இன்னிக்கு உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கியே. மத்தவங்களை எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்தாச்சு. இருபத்திமூணு பேருக்கும் சரியா இருக்கு. ஒருத்தருக்குத்தான் இடிக்குது."

"யாருக்கு?"

கணக்கு சிஸ்டர் நிமிரவில்லை. "உங்களுக்கு."

மதர் சிரித்தாள். சபையைத் தொடங்கி முப்பத்தாறு வருடமாகிறது. ஆறு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். ஐந்து தேர்தலிலும் அவளே தலைவி. எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் இல்லை. நின்றவர்களே அவளுக்கு ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஓட்டே இல்லை என்று ஒருத்தி பஞ்சு டப்பாவை வைத்துக்கொண்டு சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

"எத்தனை வருது?"

"இருபத்தேழு."

சிரிப்பு நின்றது.

சபைப் பள்ளிகள் ஒன்பதிலும் ஒரே வழக்கம். பாடம் முடிந்து வெளியே வருவதற்கு முன், வகுப்பெடுத்த சகோதரி வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே உள்ள கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். பிள்ளை வந்ததற்கு டீச்சர் சாட்சி. டீச்சர் வந்ததற்குப் பதிவேடு சாட்சி. இதை ஏற்படுத்தியவள் மதர். வருடத்தில் முப்பது நாளாவது கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தாத சகோதரிக்குப் பேரவையில் ஓட்டும் கிடையாது, பதவியும் கிடையாது என்ற பதினோராம் விதியை எழுதியவளும் அவளே. அலுவலக நாற்காலியில் ஒட்டிக்கொண்டவர்கள் வகுப்பறைக்குச் சட்டம் போடுவதைச் சபையின் ஆரம்ப வருடங்களில் அவள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருந்தாள். விதியை எழுதியபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடத்தும் ஞான உபதேசத்தை இதில் சேர்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அதற்காகவே 'கரும்பலகை முன்' என்ற சொற்களைச் சேர்த்தாள். ஒரு சந்து விடாமல் அடைத்துவிட்ட திருப்தி அன்றைக்கு.

"ரெண்டாம் கிளாஸ் பி பிரிவைப் பாரு. மழை மாசத்துல."

கணக்கு சிஸ்டர் பார்த்தாள். "மூணு நாள் கட்டம் காலியா இருக்கு. பிள்ளைங்க வருகை மட்டும் போட்டிருக்கு."

"அது நான்தான். அந்தக் கிளாஸ் எடுக்கற சிமெண்ட் சிஸ்டருக்கு ஜுரம். மூணு நாளும் நான்தான் எடுத்தேன். துறைமுக ஆபீசுக்கு மூணேமுக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும்னு ஓடுனதுல கையெழுத்துப் போடலை."

"ஞாபகம் இருக்கலாம், மதர். கட்டத்துல இல்லையே."

"இருபத்தேழும் மூணும்?"

"முப்பது. ஆனா கட்டத்துல இருபத்தேழுதான்."

இந்தப் பெண்ணிடம் இதுதான் மதருக்குப் பிடித்தது. இன்று அதே குணம் பல்லில் மாட்டிய நார் போல உறுத்தியது.

பார்வையாளர் அறையில் அக்கா காத்திருந்தாள். காலை பஸ்ஸில் வந்து, செருப்பைக் கழற்றி, கால்களைப் பக்கத்து நாற்காலியில் நீட்டியிருந்தாள். எழுபத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் பட்டை.

"நாளைக்கு மறுபடியும் நீதான்னு தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

மதர் சொன்னாள். அக்கா பாதியிலேயே சிரிக்கத் தொடங்கி, முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல எனக்குப் பயந்து அலமாரிக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டு, திறக்கத் தெரியாம கத்துனியே. அதேதான். பூட்டும் உன்னுது, சாவியும் உன்னுது, உள்ள மாட்டுனதும் நீ."

"சிரிக்காதே அக்கா."

"பேனா இருக்கில்ல? அந்த மூணு கட்டத்துலயும் போட்டுட்டு வா. நடத்தாத பாடத்துக்கா போடப் போறே?"

அக்கா சொன்னது அவளுக்கும் பதிவேடு மூடியவுடனேயே தோன்றியிருந்தது. பேனா அங்கிப் பையில்தான் இருந்தது.

பயந்து ஓடி ஒளிந்த அந்தப் பெண் பத்தொன்பது வயதில் அடைப்பு மடத்தில் சேர்ந்தாள். அப்பா ரயில்வேயில் கொடி காட்டுகிறவர். மகள் உள்ளே போனபின் கதவு சாத்தியதைப் பார்த்துவிட்டு, "கேட் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. மடத்தில் செபமும் பூத்தையலும். வெளியாட்களின் முகம் பார்க்கக் கூடாது. சாமான்கள் வருவதற்குச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. திங்கட்கிழமைகளில் அதில் அழுக்குத் துணிகளை வைத்துத் திருப்புவது இவள் வேலை. மறுபக்கம் சலவைக்காரி. குரல் மட்டும் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை நான்கு தலையணை உறைகள் குறைந்தன. பட்டியலில் பன்னிரண்டு என்று இருந்தது, வந்தது எட்டு. "நான் எட்டுதாம்மா வாங்கினேன், கயித்துல எட்டு முடிச்சு போட்டிருக்கேன்" என்றது குரல். முடிச்சை யார் நம்புவார்கள்? பட்டியல்தான் செல்லும். பழி சலவைக்காரிமேல் விழுந்தது. இரண்டு வாரம் கழித்து நான்கு உறைகளும் நோயாளிகள் அறை அலமாரியில் மடித்தபடி கிடைத்தன. யாரும் மரப்பெட்டியருகே போய் அதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை இவள், ஒரு தலையணை உறையின் மூலையில் சலவை நீலத்தைத் தொட்டு 'அ' என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள். "இது என்ன எழுத்துன்னு சொல்றேன். தெரிஞ்சுக்கிட்டா கழுவிடு. தெரியலைன்னா கழுவாம அனுப்பு." உறை வெளுத்து வந்தால் அடுத்த எழுத்து. நீலம் போகாமல் வந்தால் அதே எழுத்து மறுபடியும். ஏழு மாதம் இப்படி நடந்தது. சலவைக்காரி பட்டியலைத் தானே வாசித்துச் சரிபார்க்கும் அளவுக்கு வந்துவிட்டாள். 'ம' மட்டும் அவளுக்கு லேசில் பிடிபடவில்லை. அந்த 'ம' கழுவப்படாமல் திரும்பிய வாரம் ஆயர் மடத்துக்கு விருந்தாளியாக வந்திருந்தார். காலையில் கன்னத்தில் நீலத்தோடு எழுந்தார்.

"தலையணையில 'ம' எதுக்கு?" என்று அவர் கேட்டார். மடத்துத் தலைவிக்கு வியர்த்துவிட்டது. இவள் முன்னே வந்து, "சலவைக்காரிக்கு இன்னும் வரலைங்க, ஆண்டவரே" என்றாள். ஆயர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். மடத்தை விட்டு வெளியேறிக் கற்பிக்க அவள் அனுமதி கேட்டு எழுதிய மூன்றாவது கடிதத்தில் அவரே கையெழுத்திட்டார். அப்போது அவளுக்கு வயது முப்பது.

வெளியே வந்தவர்கள் மூன்று பேர். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே அறை. மீன் டின் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் பதினான்கு பேர் முதல் வகுப்பு. கரும்பலகை இல்லை. தச்சுவேலை செய்யும் அக்காவின் கணவர் வந்து பார்த்தார். அறையில் இருந்த ஒரே நல்ல பலகை குளியலறைக் கதவுதான். கீலைக் கழற்றினார், கறுப்பு அடித்தார், சுவரில் சாத்தினார். ஒரு வருடம் குளியலறைக்குப் போர்வைதான் மறைப்பு. "அத்தான், நாங்க குளிக்கறதா படிக்கறதா?" என்று கேட்டதற்கு, "ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யாதீங்க" என்றார். தெருவில் அவளுக்குக் கதவம்மா என்று பெயர் வந்தது. இப்போதும் துறைமுக ஆபீசில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

துறைமுகம்தான் இந்த வருடத்தைத் தின்றது. அங்கே சாக்குத் தைக்கும் பெண்கள் அறுபது பேர். இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே ஓர் அறையைக் கேட்டு மதர் நாற்பது தடவைக்குமேல் அலைந்தாள். ஒரு மேசை மறுத்தால் அடுத்த மேசை. பத்து நாளுக்கு முன்புதான் உத்தரவு வந்தது: முப்பது நாளுக்குள் பள்ளி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அறை வேறு காரியத்துக்குப் போய்விடும். சபைக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. தூரம், எலி, ஆள் பற்றாக்குறை. தான் நாற்காலியில் இல்லாவிட்டால் அந்த அறை கைநழுவிவிடும் என்பதில் மதருக்குச் சந்தேகமே இல்லை. பதவி வேண்டாம், பள்ளி வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இரண்டும் ஒரே சாவிக்கொத்தில் தொங்கின.

ஆயரின் பிரதிநிதியாகத் தேர்தலை நடத்த வந்திருந்த ஃபாதர், மதிய உணவுக்குப்பின் விஷயத்தைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இதுக்குப் போயா? விலக்கு கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு மதர். ஒரு தாள், ஒரு வரி."

"இல்ல ஃபாதர். விலக்கெல்லாம் வேண்டாம். நான் நடத்துனேன். சாட்சி இருக்கு."

"அப்ப இன்னும் நல்லது. சாட்சி சொன்னா ஏத்துக்கறேன்."

சாட்சி சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அதுதான் சங்கடம்.

சிமெண்ட் சிஸ்டர் பள்ளியின் பின்கட்டில் குழாய் பழுதுபார்ப்பவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு ஆசிரியை; சபையின் கட்டட வேலைகளும் அவள் தலையில்தான். தாய் இல்லத்தின் மேல்மாடி அவள் நின்று கட்டியது. மேஸ்திரிகள் அவள் வருவதைப் பார்த்தால் பீடியை அணைப்பார்கள்.

"அண்ணே, நீங்க மாட்டுன வாஷர் தண்ணியை நிறுத்துதா, தண்ணிக்கு வழிகாட்டுதா? கழட்டுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். "சொல்லுங்க மதர்."

இருவரும் கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் நின்றார்கள். மதர் சுற்றி வளைக்கவில்லை. மழை மாதம், மூன்று நாள், காலிக் கட்டம், நாளைய தேர்தல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வந்தீங்க," என்றாள் சிமெண்ட் சிஸ்டர். "மூணு நாளும் வந்தீங்க. வாய்ப்பாட்டை ரயில் மாதிரி ஓட்டிச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு பிள்ளைங்க சொன்னாங்க. நான் திரும்பி வந்ததும் என்னையும் அப்படியே சொல்லச் சொல்லி உயிரை வாங்கிட்டாங்க. ஃபாதர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன்."

"உனக்கு ஒண்ணும் மனசுல..."

"எதுக்கு?"

"போன தேர்தல்ல உனக்கு இருபத்தெட்டு."

சிமெண்ட் சிஸ்டர் தலைமுக்காட்டின் நுனியால் கையைத் துடைத்தாள். "ஆமா. மேல்மாடி சென்ட்ரிங் போட்ட வருஷம். ரெண்டு நாள் குறைஞ்சுது." பிறகு, நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அந்த ரெண்டு நாளும் நான் அஞ்சாம் கிளாஸ் எடுத்தேன். கை முழுக்கச் சிமெண்ட், பதிவேடு அழுக்காகும்னு கையெழுத்தை நாளைக்குப் போட்டுக்கலாம்னு விட்டேன். சமையல் சிஸ்டர் பாத்திருந்தாங்க. உங்ககிட்ட வந்து சொன்னாங்க."

"சமையல் சிஸ்டர் வந்தாளா?"

"வந்தாங்களே. 'கட்டத்துல இல்லாதது நடக்கலை'ன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

மதருக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. சமையல் சிஸ்டரின் முகம், அவள் நின்ற இடம், வேளை எதுவும் வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் தன்னுடையதுதான் என்று தெரிந்தது. வேறு யாரும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

"அப்ப நீ ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டு? விதி சரிதானே. அதுக்கப்புறம் ஒரு நாளும் கையெழுத்து விட்டதில்ல." குழாய்க்காரன் பக்கம் திரும்பி, "அண்ணே, அதை இடதுபக்கம் திருப்புங்க," என்றாள். மறுபடி மதரிடம்: "எப்ப வரணும்? இப்பவேவா?"

"இரு. சொல்லி அனுப்பறேன்."

மதர் திரும்பி நடந்தாள். தாழ்வாரத்தில் ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ரயில் மாதிரி இல்லை, சரியாகத்தான் சொன்னார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும். கோபம் யார் மேல் என்று பார்த்தாள், ஆள் அகப்படவில்லை. விதியை எழுதிய நாற்பதைத் தாண்டிய பெண்மேலும் கோபப்பட முடியவில்லை. அவள் எழுதியது சரிதான். சலவைக்காரியின் முடிச்சுகள் மட்டும் எப்படியோ அவள் நினைவிலிருந்து நழுவிவிட்டன. கட்டத்தை வைத்துக்கொண்டு முடிச்சைத் தள்ளிவிட்டாள். தன் முடிச்சு மட்டும் செல்ல வேண்டும் என்று இப்போது கேட்கப் போனால் அதற்கு என்ன பெயர்?

அலுவலகத்துக்குள் போய்க் கணக்கு சிஸ்டர் முன் நின்றாள்.

"இருபத்தேழுன்னே எழுதிக்கோ."

கணக்கு சிஸ்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "சாட்சி?"

"சாட்சி இருக்கு. சொல்லவும் தயாராத்தான் இருக்கா. நான்தான் வேண்டாங்கறேன். அதோட போன தேர்தல் குறிப்பேட்டை எடு. சிமெண்ட் சிஸ்டருக்கு ரெண்டு நாள் சாட்சி இருந்துச்சு, தலைவி கேக்கலைன்னு சேர்த்து எழுது. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"அது முடிஞ்சுபோன தேர்தல், மதர். இப்ப எழுதி என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது. எழுது."

மாலையில் உணவறையில் எல்லோர் முன்னாலும் தானே எழுந்து சொன்னாள். நாளைக்கு எனக்கு ஓட்டில்லை, என் பெயரை யாரும் எழுத வேண்டாம். காரணத்தையும் எண்ணிக்கையோடு சொன்னாள். சமையல் சிஸ்டர் கதவருகே நின்று, "முப்பத்தாறு வருஷமா சொல்றேன், கையெழுத்துப் போட்டுட்டுப் போ, போட்டுட்டுப் போன்னு," என்றாள். சைக்கிள் கடை மாடிக்கு அவளோடு வந்த இரண்டு பேரில் உயிரோடு இருப்பவள். அவள் மட்டும்தான் மதரை ஒருமையில் பேசுவாள். சிரிப்பு அங்கிருந்து கிளம்பி மேசை மேசையாக நகர்ந்தது.

தேர்தல் நாளன்று பள்ளி விடுமுறை இல்லை. அதுவும் அவள் எழுதிய விதி. புதிதாகச் சேர்ந்த பெண்களை வகுப்புகளுக்கு அனுப்பியும் இரண்டாம் வகுப்பு பி பிரிவுக்கு ஆள் இல்லை. பத்து மணிக்குப் பேரவை மண்டபக் கதவு சாத்தப்பட்டது. மதர் வெளியே இருந்தாள். அடைப்பு மடத்துக்குப்பின், ஒரு சாத்திய கதவின் தவறான பக்கத்தில் நிற்பது இதுதான் முதல்முறை. பி பிரிவிலிருந்து கூச்சல் வந்தது. உள்ளே போனாள்.

நாற்பத்தொரு பிள்ளைகள். கரும்பலகையில் தேதி எழுதினாள்.

"சாஞ்சு போகுது டீச்சர்," என்றாள் முதல் வரிசைச் சிறுமி.

"எது?"

"எழுத்து. மலை ஏறுது."

பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. அழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக எழுதினாள். பதினோரு மணிக்குள் தோள் வலித்தது. தன் மனம் மண்டபத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. தலைவி பதவிக்குப் பெயர் அடிபட்ட, இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஜெயித்துவிட்டால் போதும். துறைமுகப் பள்ளியைத் திறப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஓட்டு இருந்திருந்தால் மதர் அவளுக்குத்தான் போட்டிருப்பாள். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டபத்தில் மணி அடித்தது.

மூன்றாவது சுற்றில் பன்னிரண்டுக்குப் பதினொன்று; தலைமையாசிரியையைவிட ஓர் ஓட்டு கூட வாங்கியவள் சிமெண்ட் சிஸ்டர்.

கணக்கு சிஸ்டர் வகுப்பு வாசலில் வந்து நின்று சொன்னாள். மதர் சாக்பீஸைக் கரும்பலகை விளிம்பில் வைத்தாள். தன் ஓட்டு விழுந்திருந்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதைக் கணக்கு சிஸ்டரும் போட்டுப் பார்த்திருப்பாள்.

"துறைமுகத்தைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்த அறையில சுவத்துல ஈரம் எத்தனை அடி வரைக்கும் இருக்கு?"

மதர் இடுப்புக்குமேல் கையை வைத்துக் காட்டினாள். நாற்பது தடவை போயும் அவள் அளந்து பார்த்ததில்லை.

"மூணு அடின்னு சொல்றேன்," என்று கணக்கு சிஸ்டர் கிளம்பினாள். பிறகு திரும்பி, "மதர், கையெழுத்து," என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. அக்கா காலை ஏழு மணி பஸ்ஸில் ஊருக்குப் போனாள். புதிய தலைவி அளவு நாடாவும் உத்தரவுக் கடிதமும் எடுத்துக்கொண்டு எட்டரைக்குத் துறைமுக ஆபீசுக்குப் போனாள். கதவம்மா வரவில்லையா என்று அங்கே கேட்டார்கள்; கிளாஸ் இருக்கிறது என்று சொன்னாள். சுவரில் ஈரம் நாலடி இருந்தது. பூச்சு வேலைக்கு எட்டு நாள் ஆகும், பதினான்காம் நாள் பள்ளி தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தலைவியின் அறையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மாடிப்படி பக்கம் ஓர் அறை போதும் என்றாள். குழாய் மறுபடி ஒழுகியது. இரண்டாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள், இருவருக்குக் காய்ச்சல். காலையில் கழித்தல், பிற்பகலில் எழுத்துப் பயிற்சி. மூன்றரைக்கு மணி அடித்தது. மதர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதிவேட்டை அலமாரியில் வைத்தாள்.